நீல மாத்திரைக்கும் சிவப்பு மாத்திரைக்கும் நடுவில்

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரை நீல நிறம். கர்ப்பிணிகளுக்குத் தருவது சிவப்பு; தினம் ஒன்று, 180 நாளைக்கு. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் பிள்ளைகள் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கல்வராயன் மலையிலும் இன்னும் இருக்கிறார்கள். வெளியூர் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, வயதுக்கு வந்த மகளை யாரிடம் விட்டுப்போவது என்ற கவலை. கல்யாணம் அதற்கு வழியாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 18 வயதுக்குள் மணமானவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 12.8ஆகக் குறைந்ததாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்கிறது. ஆனால் 15-19 வயதில் தாயானவர்களும் கர்ப்பிணிகளும் 5 சதவீதத்திலிருந்து 6.3ஆகக் கூடியிருக்கிறார்கள்.

"சின்ன வயசுல பெத்தா புத்தி மழுங்கிடும்" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். கர்ப்பத்தில் மூளையின் சாம்பல்நிறப் பகுதி சற்றுச் சுருங்குவதை 2016இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் கண்டார்கள், நினைவாற்றல் குறையவில்லை. பருவ வயதிலும் இதே போன்ற மாற்றம் நடப்பதாக 2019இல் அதே வழியில் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. ஆனால் அந்தத் தாய்மார்கள் விரும்பிக் கருவுற்ற, வளர்ந்த பெண்கள். நம் பிள்ளைக்கோ திட்டமிடும், நிதானிக்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிரும்.

அவளை உண்மையில் பின்னுக்கு இழுப்பவை வேறு. தானே வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பிலிருந்து இரும்புச்சத்தைக் குழந்தையும் எடுத்துக்கொள்கிறது. ரத்தசோகையில் கவனம் நிற்காது, படித்தது தங்காது. அதைவிடப் பெரிய இழப்பு பள்ளி. ஆறு லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் நுண்ணறிவு மதிப்பெண்ணை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது. பத்தாவதில் நின்றவள் இழப்பது சான்றிதழை மட்டுமா?

இதற்கு மேல் பயம் வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு வருமென்று வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியோ 19 வயது நிரம்பியவர்களுக்குத்தான். சத்தான சாப்பாடு மிக அவசியமான பதினேழு வயதுக்காரிக்கு அந்தப் பணம் இல்லை என்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. கல்யாணத்தைக் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லித் தடுக்க வேண்டும், சரி. தடுக்கத் தவறிவிட்டால் தண்டனை அவளுக்கா?

விட்ட பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம். அந்த விண்ணப்பத்தை, கைக்குழந்தையோடு வருபவளிடம் கிராமச் செவிலியரோ அங்கன்வாடி ஊழியரோ தடுப்பூசி அட்டை கொடுக்கும்போதே கொடுக்கட்டும். தேர்வு நாளில் குழந்தையை வைத்துக்கொள்ளவும் அந்த அங்கன்வாடியே போதும்.