கம்பிவடத்தின் நுனியில் ஓர் உயிர்

மாணவர்களே, தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் நின்று மேற்கே கடலைப் பார்த்திருக்கிறீர்களா? இடப்பக்கம் மெர்போக் ஆறு கடலில் கலக்கும். ஆற்றுக்கு அக்கரையில்தான் 26 டிசம்பர் 2004 அன்று சுனாமி தாக்கிய கோத்தா கோலா மூடா. வலப்பக்கம் நன்றாகத் திரும்பினால் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை. கடாரத்துக்கு வந்த பழைய மாலுமிகளுக்கு அதுவே வழிகாட்டி.

அந்தத் துறையிலிருந்து போன மீன்பிடிப் படகு ஒன்று 20 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. அதில் ஒருவருக்குக் கடுமையான காயம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8 கடல் மைல் ஓடும் படகு கரை சேர இரண்டரை மணி நேரம் ஆகும். 140 கடல் மைல் வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அது ஒன்பது நிமிடப் பயணம். ஆனால் படகில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது. மேலே ஒரே இடத்தில் நின்றபடி, சுண்டுவிரலை விட மெல்லிய எஃகுக் கம்பிவடத்தை இறக்கி ஆளைத் தூக்க வேண்டும். இதைச் செய்யும் கருவிதான் விஞ்ச்.

இந்த வேலை முதன்முதலில் நடந்தது 29 நவம்பர் 1945 அன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் கரையோரம் புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இருவரை ஒரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர் தூக்கியது. அதே நிறுவனம் வடிவமைத்த நூரி, நம் அரச மலேசிய ஆகாயப் படையில் 1968 முதல் 2020 வரை சேவையில் இருந்தது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், நூரியின் சத்தம் அவருக்கு நினைவிருக்கும்.

சரி, மேலே நிற்பது ஏன் கடினம்? ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க, தன் எடைக்கு ஈடான விசையால் காற்றைக் கீழே தள்ள வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதிதான். மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் பயன்படுத்தும் ஏடபிள்யூ139 வகையை எடுத்துக்கொள்வோம். எடை 6,400 கிலோ, சுழலியின் விட்டம் 13.8 மீட்டர் என்று கணக்குப் போட்டால், கீழே பாயும் காற்று மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். படகில் கட்டாமல் கிடக்கும் தார்ப்பாய், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் பறக்கும். அதனால்தான் ஹெலிகாப்டர் வருமுன் எல்லாவற்றையும் கட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

கடலுக்கு மேல் இன்னொரு தொல்லை உண்டு. நிலத்தில் மரமோ கூரையோ பார்த்து விமானி தன் இடத்தை அறிவார். கடலிலோ அலைகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும்போதே நகர்வதுபோல் கண் ஏமாற்றும். இரவில் தொடுவானமும் தெரியாது. ஆகவே கண்ணை நம்பாமல், ரேடியோ அலையை நீரில் மோதவிட்டு உயரத்தை அளக்கும் கருவியை நம்புகிறார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு வியப்பானது வேறொன்று. தூக்கப்படும் ஆள் நேர் கீழே இருப்பதால் விமானிக்கு அவரைத் தெரியவே தெரியாது! பக்கவாட்டுக் கதவில் குனிந்து நிற்கும் விஞ்ச் இயக்குநர்தான் அவருக்குக் கண். “முன்னே ஐந்து... மூன்று... ஒன்று... நிலை” என்று அவர் சொல்லச் சொல்ல, விமானி நகர்த்துகிறார். அந்தக் குரல் ஒரு விநாடி தயங்கினால் கம்பிவடம் படகின் கம்பத்தில் சிக்கிவிடலாம்.

வடத்தில் தொங்கும் மனிதர் ஓர் ஊசல். 30 மீட்டர் வடத்தில் ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 11 விநாடி ஆகும். வடம் 5 மீட்டராகக் குறைந்தால் நாலரை விநாடி. ஆடும்போதே மேலே இழுத்தால் ஆட்டத்தின் கோணமும் பெரிதாகும். எனவே இயக்குநர் இழுப்பதை நிறுத்தி, ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் வடத்தைக் கையால் தள்ளி அடக்குகிறார்.

நீங்கள் படகில் இருந்தால்? கொக்கி இறங்கி வந்ததும் எட்டிப் பிடிக்கத் தோன்றும். கூடாது. பறக்கும் ஹெலிகாப்டரில் நிலைமின்னூட்டம் சேர்ந்திருக்கும். கொக்கி முதலில் நீரையோ தளத்தையோ தொட வேண்டும், இல்லையென்றால் உங்களைத் தாக்கும். கொக்கியைப் படகில் மாட்டவே கூடாது. மாட்டினால் ஹெலிகாப்டரைக் காப்பாற்ற வடத்தையே வெட்டிவிட நேரும்; அதற்கென்று சிறு வெடிமருந்தால் இயங்கும் வெட்டி விஞ்சிலேயே இருக்கிறது. அக்குளில் பட்டையை மாட்டிய பின் கைகளை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் பட்டையிலிருந்து நழுவி விழுவீர்கள்.

நெடுநேரம் நீரில் மிதந்தவரை நிமிர்ந்த நிலையில் தூக்குவதும் ஆபத்து. உடலைச் சுற்றி அழுத்திய நீர் திடீரென இல்லாமற்போனதும் இரத்தம் கால்களுக்கு இறங்கும். இரத்த அழுத்தம் சரியும். அதனால் முழங்காலுக்கு அடியிலும் ஒரு பட்டை போட்டு, படுத்தவாக்கில் தூக்குகிறார்கள்.

2018 ஆகஸ்டு 17 அன்று கேரள வெள்ளத்தில், ஆலுவாவில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை இந்தியக் கடற்படை விமானி விஜய் வர்மாவின் குழு தூக்கியது. முதலில் ஒரு மருத்துவரை வடத்தில் இறக்கி, தூக்கலாமா என்று பார்த்த பிறகே தூக்கினார்கள். அன்றே கொச்சி கடற்படை மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது.

மீட்க வருபவர்களே கடலில் விழுந்தால்? 5 மார்ச் 2024 அன்று சிலாங்கூரின் அங்சா தீவருகே கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் ஹெலிகாப்டர் ஒன்று கடலில் இறங்கியது. உள்ளே நால்வர். அவர்களை மீட்டது யார் தெரியுமா? அருகிலிருந்த மீனவர்கள்.

ஹெலிகாப்டரின் இயந்திரங்கள் கூரையில் இருப்பதால், நீரில் விழுந்ததும் அது தலைகீழாகக் கவிழும் வாய்ப்பு அதிகம். ஆகவே பணியாளர்களும், எண்ணெய் மேடைகளுக்குப் பறக்கும் ஊழியர்களும் நீச்சல் குளத்தில் ஒரு போலி அறைக்குள் கட்டப்பட்டு, தலைகீழாக மூழ்கிப் பழகுகிறார்கள். ஒரு கை சன்னல் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். அறை சுழன்று நிற்கும்வரை இருக்கைப் பட்டையை அவிழ்க்கக் கூடாது. இருட்டில் மேல் எது, கீழ் எது என்று மூளைக்குப் புரியாது. ஆனால் வலக்கைப் பக்கம் இருந்த சன்னல் தலைகீழானாலும் வலக்கைப் பக்கமே இருக்கும். உயிர்காப்பு அங்கியை உள்ளேயே ஊதிவிட்டால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது உங்களை மேலே தள்ளும். அப்போது மேலே இருப்பது வானமல்ல, கவிழ்ந்த ஹெலிகாப்டரின் தரை. வெளியே வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும்.