தவிட்டுப்பழம்: இலையைப் பார்த்துப் பறியுங்கள்

நீலகிரியில் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு மேல், புல்வெளிகளிலும் சோலைக் காட்டு ஓரங்களிலும் வளரும் புதர்ச்செடி தவிட்டுச்செடி. இதன் பழம் மலை மக்கள் நெடுங்காலமாக உண்டுவரும் இனிப்பான பழம். ஜாம் செய்யவும் ஏற்றது. கொய்யா, நாவல் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாவரவியல் பெயர் ரோடோமிர்டஸ் டொமென்டோசா.

கோவை, மேட்டுப்பாளையம் பகுதிகளிலிருந்து மலைக்குச் செல்வோர் பழத்தின் நிறத்தை மட்டும் நம்பிப் பறிக்கக் கூடாது. அருகிலேயே நச்சுப் பழச்செடிகளும் வளர்கின்றன.

அடையாளங்கள்

இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். அடியிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெண்மையான மென்ரோமம். பூ ஐந்து இதழ்களுடன் இளஞ்சிவப்பாக இருந்து, நாளாக நாளாக வெளுக்கும். நடுவே மகரந்தத் தாள்கள் ஏராளம். காய் பழுத்ததும் கருஊதா நிறமாகும். கொய்யாவில் உள்ளதுபோல் பழ நுனியில் புல்லிகள் கிரீடமாக ஒட்டியிருக்கும். உள்ளே சிறு விதைகள் பல.

ஏமாற்றும் செடிகள்

உண்ணிச்செடியின் இலை சொரசொரப்பானது. கசக்கினால் நெடி வீசும். பழம் சிறு கொத்தாக இருக்கும், கிரீடம் கிடையாது. இதன் பச்சைக் காய் நஞ்சு. இலையைத் தின்னும் கால்நடைகளுக்கு ஈரல் கெடும். சுண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வெளிநாட்டுச் செடியும் நீலகிரியில் பரவியுள்ளது. ரோமம் நிறைந்த இலை, ஊதாப் பூ ஆகியவற்றால் இது குழப்பம் தரலாம். ஆனால் இதன் பெரிய இலைகள் மாற்றடுக்கில் அமைந்திருக்கும். காய்கள் கொத்தாக இருந்து மஞ்சளாகப் பழுக்கும். இதனை உண்ணக் கூடாது.

ஐயம் இருந்தால் பழத்தை வாயில் வைக்க வேண்டாம். இலை, பூ, காய் மூன்றும் உள்ள சிறு கிளையைக் கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தில் காட்டி விவரம் கேட்கலாம். குழந்தை ஏதேனும் தெரியாத பழத்தைத் தின்றுவிட்டால், அச்செடியின் கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சொந்த நிலத்தில் தவிட்டுச்செடி இருந்தால் வெட்டாமல் காக்கலாம். காப்புக் காடுகளில் அனுமதியின்றிப் பறிக்கக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் அழகுக்காகக் கொண்டுசென்ற இச்செடி இன்று அங்கே அடங்காக் களையாகிவிட்டது. ஆகவே, இயல்பாக வளராத இடங்களில் இதனைப் பரப்ப வேண்டாம்.