குட்டியானை முதுகில் ஒரு குட்டி மின்நிலையம்!

தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு குட்டியானையாவது நிற்கும். வார நாள்களில் தண்ணீர் கேன், காய்கறி, வீட்டுச் சாமான் என்று ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி. அதன் பின்பக்கம் சுமார் ஏழடி நீளம். பாய் விரித்தால் இரண்டு பேர் நிம்மதியாகப் படுக்கலாம். மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டால் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம். பெரிய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. குறை ஒன்றே ஒன்றுதான்... கரன்ட்!

அந்தக் குறையைத் தீர்க்க ஒரு சோலார் பேனலும் பேட்டரியும் போதும். நம் பகுதிக்காரர்களுக்கு இது வெறும் சுற்றுலாச் சாமான் மட்டுமல்ல. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. செல்போன் அணைந்துபோய், பெற்றவர்கள் எங்கே, பிள்ளைகள் எங்கே என்று தெரியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ! மலையில் விளக்கெரிக்கும் அதே செட், அந்த நாளில் வீட்டுக்கே கைகொடுக்கும்.

முதலில் ஒரு பேப்பரும் பேனாவும்!

பலரும் நேராகக் கடைக்குப் போய், ‘எவ்வளவு பெரிய பேனல் இருக்கு?’ என்று கேட்கிறார்கள். கணக்கு அங்கே தொடங்கக் கூடாது. உங்களுக்கு எவ்வளவு கரன்ட் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

மின்கட்டண அட்டையில் பார்க்கும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஹவர். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு ராத்திரி தங்க என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

* 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 6 மணி நேரம்: 60 வாட் ஹவர்
* 20 வாட் டி.சி. மின்விசிறி, 8 மணி நேரம்: 160 வாட் ஹவர்
* நான்கு செல்போன்கள், தலா ஒரு முறை சார்ஜ்: சுமார் 80 வாட் ஹவர்

மொத்தம் 300. வயரிலும் கருவிகளிலும் வீணாவதற்காகக் கொஞ்சம் கூட்டி 360 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

என்னென்ன வாங்க வேண்டும்?

*பேட்டரி:* லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12 வோல்ட், 50 ஆம்பியர் ஹவர் பேட்டரி சுமார் 640 வாட் ஹவர் தாங்கும். அதில் 80 சதவிகிதம் வரை எடுக்கலாம். விலை குறைந்த லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறைந்துவிடும். எடையும் அதிகம். வண்டி ஸ்டார்ட் ஆவதற்கான பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள். ராத்திரி ஃபேன் ஓடிவிடும், காலையில் வண்டி ஓடாது!

*பேனல்:* 100 வாட் ஒன்று போதும். சென்னை வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 400 வாட் ஹவர் எதிர்பார்க்கலாம்.

*சார்ஜ் கன்ட்ரோலர்:* பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் தடுக்கும் சின்னப் பெட்டி. இந்த அளவுக்கு 10 ஆம்பியர் போதும். உங்கள் பேட்டரி வகைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

*ஃபியூஸ்:* விலை மிகக் குறைவு, வேலை மிகப் பெரிது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வண்டி குலுங்கி வயர் உரசினால், தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது இதுதான்.

சென்னை ரிச்சி தெருவில் இவற்றை ஒரே சுற்றில் விசாரித்துவிடலாம். இணைக்கும் வேலையை மட்டும் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம்

1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் மேலே சொன்ன பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்புதான் சரி. அதையும் வண்டிக்கு வெளியே வைத்தே பற்றவையுங்கள். வண்டியில் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜ் ஆசை இருந்தால் பேட்டரி, பேனல் இரண்டையும் இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் போன்ற மருத்துவக் கருவிகளுக்கு இந்தச் செட் போதவே போதாது. அப்படிப்பட்ட நோயாளி வீட்டில் இருந்தால், புயலுக்கு முன்பே வேறு இடத்துக்கு அழைத்துப் போவதுதான் பாதுகாப்பு.

நிழலில் வண்டி, வெயிலில் பேனல்

நாடு முழுக்கச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் பணியை மேற்கொண்ட தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம், நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. சூரியனை அளந்து பார்க்கக் காரணம் உண்டு. அது எல்லா நாளும் ஒரே மாதிரி தருவதில்லை. ஒரு மரக்கிளையின் நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி சட்டென்று இறங்கிவிடும். சூடு ஏறினாலும் குறையும். எனவே, பேனலைக் கூரையோடு ஒட்டாமல் கழற்றி வைக்கும்படி அமையுங்கள். நீங்கள் மரத்தடியில் இருக்கலாம். நீளமான வயரில் பேனல் வெயிலில் இருக்கட்டும்.

இன்னொன்று. வண்டியின் அமைப்பையே மாற்றுவதாக இருந்தால், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சரக்கு வண்டியின் பின்பக்கம் படுப்பது நின்ற பிறகுதான். ஓடும்போது அங்கே யாரும் உட்காரக் கூடாது.

புயல் வருகிறதா?

அடைமழை நாளில் மேகம் மூடியிருக்கும். பேனல் கொஞ்சம்தான் தரும். அன்றைக்குக் காப்பாற்றப்போவது பேட்டரியில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதுதான். எச்சரிக்கை வந்த அன்றே இவற்றைச் செய்துவிடுங்கள்.

* பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்யுங்கள். ஃபேனை மறந்துவிட்டு விளக்கு, செல்போனுக்கு மட்டும் பயன்படுத்தினால் மூன்று நாள் வரும்.
* காற்றில் பறக்காமல் பேனலைக் கழற்றி உள்ளே வையுங்கள்.
* வண்டியை மேடான இடத்தில் நிறுத்துங்கள். 2023-ல் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியது நினைவிருக்கும். பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டின் மாடிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் தண்ணீரில் மூழ்கினாலும் இது மிஞ்சும்.
* இந்தக் கரன்ட்டை வீட்டு வயரிங்கில் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். லைனில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் உயிருக்கே ஆபத்து.

மழை விட்ட மறுநாளும் தண்ணீர் வடியும் வரை கரன்ட் வராது. வெயில் மட்டும் முதலில் வந்துவிடும். அப்போது பேனலை மொட்டை மாடியில் விரியுங்கள். உங்கள் வீட்டு போன்கள் போக, தினமும் பத்துப் பதினைந்து போன்களுக்காவது சார்ஜ் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களின் போனை முதலில் வாங்கிச் சொருகுங்கள்!