கம்ப்ரசர் டேங்குக்குள் அரை கிலோ காற்று! தெரியுமா உங்களுக்கு?

சும்மா கிடக்கும் காற்றைப் பிடித்து ஓர் இரும்பு டேங்கில் அடைத்துவிட்டால் போதும். அது ஆணி அடிக்கும், இறுகிப்போன நட்டைக் கழற்றும், பழைய பீரோவைப் பெயின்ட் அடித்துப் புதிதாக்கும். மலையைக்கூடக் குடையும்! ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கிற மோன் செனி ரயில் சுரங்கத்தின் வேலை 1857-ல் தொடங்கி, 1871-ல் பாதை திறக்கப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர் நீளப் பாறையைத் துளைக்க உதவியவை அழுத்தப்பட்ட காற்றில் ஓடிய டிரில்கள்தான். அவற்றிலிருந்து வெளியேறிய காற்று உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு மூச்சுக்காற்றாகவும் ஆனது.

அந்தச் சக்தி இன்று வீட்டு கார் ஷெட்டுக்குள் அடங்குகிறது. குறைந்த செலவில் நல்ல கம்ப்ரசர் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஆச்சரியங்கள் இதோ!

காற்றுக்கும் எடை உண்டு, தெரியுமா?

ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ எடை. 50 லிட்டர் டேங்கில், பட்டறைக்காரர்கள் சொல்கிற '8 கிலோ ப்ரெஷர்' (சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ) வரை காற்றை நிரப்பினால், சுமார் 400 லிட்டர் வெளிக்காற்று கூடுதலாக உள்ளே போகிறது. வெறும் டேங்கைவிட நிரம்பிய டேங்க் ஏறக்குறைய அரை கிலோ கனக்கும்! அழுத்தம் கூடக்கூடக் காற்றின் கன அளவு அதே விகிதத்தில் சுருங்கும் என்று ராபர்ட் பாயில் 1662-லேயே எழுதிவைத்துவிட்டார்.

பெரிய டேங்க் இரண்டே நிமிடத்தில் தோற்றுப்போகும், தெரியுமா?

ஸ்ப்ரே கன் ஒன்று நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று கேட்கிறது. கம்ப்ரசர் கொடுப்பதோ 100 லிட்டர். மீதி 100 லிட்டரை டேங்க்தான் ஈடுகட்ட வேண்டும். 50 லிட்டர் டேங்க் 8 கிலோவிலிருந்து 4 கிலோவுக்கு இறங்கும்போது தருவது 200 லிட்டர். அப்படியானால் இரண்டு நிமிடம்தான் கணக்கு! கதவின் ஒரு பக்கம் முடிவதற்குள் காற்று தளர்ந்துவிடும். டேங்க் காற்றைச் சேர்த்துவைக்கும், அவ்வளவுதான்; உற்பத்தி செய்யாது. டேங்கின் பருமனைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கடையிலேயே, செல்போனை வைத்தே உண்மையைக் கண்டுபிடிக்கலாம், தெரியுமா?

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் எச்பி இருக்கும். சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று, என்று ஒரு எண்ணும் இருக்கலாம். ஆனால் அந்த சிஎஃப்எம் பெரும்பாலும் பிஸ்டன் உள்ளிழுக்கிற அளவு. டேங்குக்கு உண்மையில் போய்ச் சேரும் அளவுக்கு 'ஃப்ரீ ஏர் டெலிவரி' என்று பெயர். சிறிய மெஷின்களில் ஸ்டிக்கர் சொல்கிற சிஎஃப்எம்மில் மூன்றில் இரண்டு பங்கு தேறினாலே நல்லது.

அதை அளப்பது எவ்வளவு எளிது, பாருங்கள்! டேங்கின் அவுட்லெட்டை மூடிவிட்டு மெஷினை ஓடவிடச் சொல்லுங்கள். கேஜ் முள் 4 கிலோவைத் தொட்டதும் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். 8-ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். டேங்கின் லிட்டரை 4-ஆல் பெருக்கி, ஆன நிமிடங்களால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது கையில் வந்துவிடும். 50 லிட்டர் டேங்குக்கு இரண்டு நிமிடம் ஆனால் 100 லிட்டர், அதை 28.3-ஆல் வகுத்தால் 3.5 சிஎஃப்எம். இந்த எண்ணுக்கு முன்னால் எந்த விளம்பரமும் நிற்காது!

ஆணி அடிக்கத் துளிக் காற்று போதும், தேய்க்கத்தான் ஏராளம் வேண்டும், தெரியுமா?

கார் டயருக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். எந்தச் சின்ன கம்ப்ரசரும் செய்துவிடும். மர வேலைக்கான பிராட் நெய்லர் ஆணிக்கு ஒரு முறைதான் காற்றைக் குடிக்கும். அதற்கு 25 லிட்டர் டேங்க் தாராளம். பொம்மைக்கு வண்ணமிடும் ஏர் பிரஷ் ஒரு சிஎஃப்எம் கூடக் கேட்காது. இம்பாக்ட் ரெஞ்ச் அதிகம் இழுக்கும். ஆனால் சில விநாடிகள்தான் என்பதால் டேங்க் கைகொடுக்கும்.

பெரிய ஸ்ப்ரே கன்கள் 6-லிருந்து 15 சிஎஃப்எம் வரை கேட்கும். அதே வேலைக்கு, குறைந்த காற்றில் குறைந்த அழுத்தத்தில் ஓடும் எல்விஎல்பி ரக கன் வாங்கினால் 3-லிருந்து 5 சிஎஃப்எம்மிலேயே பெயின்ட் அடிக்கலாம். கம்ப்ரசரைப் பெரிதாக்காமல் கன்னை மாற்றியே பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

காற்றில் ஓடும் சாண்டரோ நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு கம்ப்ரசர் அதற்கு ஈடுகொடுக்காது.

மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும், தெரியுமா?

30 டிகிரி காற்றை வெப்பம் வெளியேறாமல் 8 கிலோ வரை ஒரே மூச்சில் அழுத்தினால், கணக்குப்படி அது 290 டிகிரியைத் தாண்ட வேண்டும்! சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக மடிப்புகள் சூட்டை வெளியே தள்ளுவதால்தான் மெஷின் தப்பிக்கிறது. கொடுத்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே கடைசியில் டூலின் முனையில் வேலையாக மாறுகிறது.

அதனால் மரம் தேய்க்க, இரும்பு அறுக்க நேரடியாகக் கரண்டில் ஓடும் சாண்டரும் கிரைண்டரும்தான் சிக்கனம். காற்றால் மட்டுமே நன்றாகச் செய்ய முடிந்த வேலைக்குக் காற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டம்ளர் தண்ணீர் சேரும், தெரியுமா?

30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் சாதாரணமாகக் காணும் நிலை இது. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அழுத்தி, ஆறவைத்தால் அதில் 20 கிராமுக்கு மேல் தண்ணீராக இறங்கிவிடும். நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 120 மில்லிக்கு மேல்!

அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கி உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். ஸ்ப்ரே கன் வழியாக வந்தால் பெயின்ட் கொப்புளிக்கும். வேலை முடிந்ததும் அடியில் உள்ள டிரெய்ன் வால்வைத் திறந்துவிடுங்கள். முதலில் துரு கலந்த பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். பிறகு வெறும் காற்று. அதன்பின் மூடலாம். பெயின்ட் வேலைக்கு வாட்டர் செபரேட்டர் கட்டாயம்.

நேம்பிளேட்டே சத்தத்தைச் சொல்லிவிடும், தெரியுமா?

ஆர்பிஎம் எண்ணைப் பாருங்கள். 2,800-க்கு அருகே இருந்தால் மோட்டார் படுவேகமாகச் சுற்றும். சத்தமும் அதிகம், தேய்மானமும் அதிகம். 1,440-க்கு அருகே இருந்தால் பாதி வேகம். பக்கத்து வீட்டோடு சண்டை வராது. ஆயில் ஃப்ரீ மெஷினில் ஆயில் மாற்றும் வேலையே இல்லை, காற்றும் சுத்தம். ஆயில் ஊற்றும் பெல்ட் மெஷின் கனம். ஆனால் பல ஆண்டு உழைக்கும், பழுது பார்க்கவும் எளிது.

மெஷின் நின்றதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை ப்ரெஷர் சுவிட்ச் வெளியேற்றும் சத்தம் அது. அது வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துத் தொடங்கத் திணறும். காயில் எரியவும் வாய்ப்புண்டு.

ஒயரை நீட்டாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள், ஏன் தெரியுமா?

ஒரு எச்பி என்பது 746 வாட். மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் முனகும். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகிவிட்டு, காற்று ஹோஸை நீளமாக வாங்குங்கள்.

ஒரு மில்லிமீட்டர் ஓட்டை பாதிக் காற்றைத் தின்றுவிடும், தெரியுமா?

7 கிலோ அழுத்தத்தில் அந்தச் சின்ன ஓட்டை வழியே நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவில் காற்று ஓடிவிடும். சின்ன மெஷினின் உழைப்பில் பாதிக்கு மேல்! சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்த இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றினால் போதும்.

அந்த டேங்குக்குள் ஒரு காரைத் தூக்கும் சக்தி, தெரியுமா?

8 கிலோவில் நிரம்பிய 50 லிட்டர் டேங்கின் சக்தி முழுதும் ஒரே நொடியில் வெளிப்பட்டால், ஒரு டன் காரை ஐந்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது! ஆகவே துருப்பிடித்த பழைய டேங்க், சேஃப்டி வால்வு இல்லாத மெஷின், கேஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டியது எதுவும் வேண்டாம். காற்றுக்கு பிவிசி பைப் போடவே கூடாது; உடைந்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து நாமே செய்துகொள்ளும் மெஷின் சத்தமில்லாமல் ஓடும், ஏர் பிரஷுக்குச் சரிப்படும். ஆனால் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். ப்ளோ கன்னை உடம்பின் மேல் பிடிப்பது விளையாட்டல்ல, காற்று ரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

கம்ப்ரசர் ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது, தெரியுமா?

கோயம்புத்தூரில் 1960-ல் தொடங்கப்பட்ட எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் இன்று உலகின் பல நாடுகளுக்கு கம்ப்ரசர் அனுப்புகிறது. மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன அந்த ஊரில் இந்தத் தொழில் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. எந்த பிராண்டாக இருந்தாலும், வால்வு பிளேட்டும் பிஸ்டன் ரிங்கும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணத்தை எண்ணுங்கள். பாகம் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவானாலும் நஷ்டம்தான்.

முடிவாக ஒன்று. டயர், தூசி, ஆணி என்றால் 1 எச்பி, 25 லிட்டர், ஆயில் ஃப்ரீ போதும். பெயின்ட்டும் உண்டு என்றால் 2 எச்பி, 50 லிட்டர் பெல்ட் மெஷினும் எல்விஎல்பி கன்னும். இதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. எதை வாங்கினாலும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அளந்து பார்த்து வாங்குங்கள். நீங்கள் காசு கொடுப்பது நிமிடத்துக்கு வரும் காற்றுக்குத்தான்!