டி-ஷர்ட்டில் ஒட்டிய படம் முதல் சலவையிலேயே உரிவது ஏன்?

குழந்தையின் படத்தை டி-ஷர்ட்டில் போட கடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டரும் அயர்ன் பாக்ஸும் இருந்தால் போதும். ஆனால், ஆசையாக ஒட்டிய படம் ஒரே துவைப்பில் உரிந்துபோய், ‘காசும் போச்சு, சட்டையும் போச்சு’ என்று நொந்துகொள்பவர்களும் உண்டு. கோளாறு பெரும்பாலும் தாளிலோ சூட்டிலோதான்.

எந்தத் தாள் வாங்குவது?

சாதாரண வெள்ளைத்தாள் உதவாது. ‘டிரான்ஸ்ஃபர் பேப்பர்’ வேண்டும். அதன் மேலுள்ள மெல்லிய பாலிமர் பூச்சு சூட்டில் இளகி, மையோடு சேர்ந்து துணியின் இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. இதில் வெளிர் துணிக்குத் தனி, அடர் நிறத் துணிக்குத் தனி. வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் துணியின் நிறம்தான் தெரியும். அதனால், கறுப்புத் துணிக்கான தாளில் வெள்ளை அடிப்பூச்சு இருக்கும்.

படத்தைத் திருப்ப வேண்டுமா?

வெளிர் துணிக்கான தாளைக் கவிழ்த்து வைத்துத் தேய்ப்பதால், படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் தலைகீழாகத் தெரியாது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரியும். அடர் துணிக்கான தாளைப் பின்தாளை உரித்து நேராக வைப்பதால் திருப்பத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விடக் கூடாது. உள்ளே இருக்கும் சூடான உருளையில் பூச்சு உருகி ஒட்டினால், பிரிண்டரே பழுதாகிவிடலாம்.

எப்படித் தேய்ப்பது?

புதுத்துணியைத் துவைத்துக் காயவைத்து, சுருக்கம் எடுத்துவிடுங்கள். மெத்தென்ற விரிப்பு வேண்டாம். சூடு தாங்கும் கெட்டியான மேஜை நல்லது. நீராவியை நிறுத்திவிடுங்கள், ஈரம் பட்டால் பூச்சு சரியாக ஒட்டாது. தாளின் உறையில் சொன்ன சூட்டில், சொன்ன நேரம் வரை, அழுத்தித் தேயுங்கள். ஓரங்களில் கூடுதல் கவனம் தேவை. உரிவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

‘சப்ளிமேஷன்’ எதற்கு?

இதில் மை சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள் புகுந்துவிடும். படம் உரியாது. ஆனால், பருத்தியில் இது நிற்காது. இதற்கு ‘ஹீட் பிரஸ்’ இயந்திரமும் தனி மையும் வேண்டும்.

துவைப்பது எப்படி?

ஒருநாள் கழித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிரஷ், பிளீச்சிங் கூடவே கூடாது. நல்ல சட்டையில் கை வைக்கும் முன், பழைய துணியில் ஒருமுறை செய்து பார்ப்பது செலவை மிச்சமாக்கும்.