பழங்கருவிக்குப் புதுவாழ்வு

எட்வின் லேண்டு என்னும் அமெரிக்க அறிஞர் ஆக்கிய போலராய்டு காமிரா, 1948ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. அஃது எடுத்த படத்தை ஒரு நிமிடத்தில் தந்தது. அதற்குரிய படச்சுருளின் உற்பத்தி 1992ஆம் ஆண்டில் நின்றது. ஊண் அற்றதேயன்றி, அக்கருவியின் கண்ணாகிய வில்லை கெட்டிலது. ஆதலின், 1901ஆம் ஆண்டில் தோன்றி இன்றும் கிடைக்கும் 120 எண் சுருளை அதனுள் அமைக்கின்றனர்.

இச்சுருள் அகலத்திற் குறுகியது. எனவே, அதன் இரு முனைகளிலும் தாங்கிகளைப் பொருத்தி, படம் விழும் இடத்தில் சிறு சட்டம் இடுவர். வில்லைக்கும் சுருளுக்கும் இடையேயுள்ள தொலைவு மாறின் உருவம் மங்கும். இடுக்கின் வழியே ஒளி புகின் படம் கெடும். பழைய சுருளிலேயே மருந்து அடங்கியிருந்தது. இதில் அஃதின்மையால், படத்தை இருட்டறையில் மருந்துநீரிலிட்டே பெறல் வேண்டும். விரைவு போயிற்று, கருவி பிழைத்தது.

மாணவர்களே! ஒரு பொருளைப் பழையதென்று எறியுமுன், அதன்கண் கெட்டது யாது, கெடாதது யாது என ஆராய்தல் அறிவுடைமையாகும்.