கிரகண இரவில் கதவடைப்பது ஏன்?

2025 செப்டம்பர் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவைச் சற்றே நினைவுகூருங்கள். ரபீஉல் அவ்வல் மாதத்து முழுநிலா அது. நம் தமிழகத்து வானில் இரவு 9.57 மணிக்குப் பூமியின் நிழல் சந்திரனைத் தீண்டிற்று. 11 மணியளவில் அதை முழுவதும் மூடிக்கொண்ட நிழல், 82 நிமிடங்கள் விலகாமல் நின்றது. நள்ளிரவும் கடந்து 1.26 மணிக்கே பிறைவடிவம் மாறி முழுமதி மீண்டது.

மேகம் மறைக்காத ஊர்களில் வானை நோக்கியோர் கண்டது கரிய நிலவை அன்று. செம்பு நிற நிலவை. பூமியைச் சூழ்ந்துள்ள காற்றின் வழியே வளைந்து செல்லும் கதிரவனின் ஒளியில் நீலம் சிதறிப் போகச் சிவப்பு மட்டும் அந்நிழலுக்குள் சென்று விழுகிறது. அந்தி வானம் சிவப்பதற்கும் இதுவே காரணம்.

நமக்கு மணி 11 ஆன அதே கணத்தில் புனித மக்காவில் மணி 8.30. ஹரம் ஷரீபில் அன்றிரவு கிரகணத் தொழுகை நடைபெற்றது. நிலவும் ஒன்று, நிழலும் ஒன்று. வேறுபட்டது ஊரின் கடிகாரமே. இந்த உண்மையைக் கருவியாக்கிக்கொண்டவர் அறிஞர் அல்பிரூனி. 997 மே 24 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குவாரிஸ்மின் காத் நகரில் அவரும், பக்தாதில் அபுல் வஃபாவும் முன்னரே பேசிவைத்துக் கண்காணித்தனர். இரு ஊர்களிலும் குறித்த நேரங்களின் வேறுபாட்டிலிருந்து அவ்வூர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டனர். அப்போது அல்பிரூனிக்கு வயது இருபத்து நான்கைத் தாண்டவில்லை!

நம் இல்லங்கள் சிலவற்றிலோ அந்த இரவில் நடந்தது என்ன? கருவுற்ற மகளை அறைக்குள் அடைத்தார்கள். கத்தியைத் தொடாதே, தண்ணீர் அருந்தாதே, புரண்டு படுக்காதே என்றார்கள். ஆக்கிய சோற்றைக் கொட்டினார்கள். மார்க்கத்தில் இதற்கு எள்ளளவும் இடமில்லை. நிழல் கருவுக்கு எத்தீங்கும் செய்வதில்லை. பசியும் தாகமுமே தாயை வாட்டும். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதிலும் கேடில்லை. சூரிய கிரகணத்தின் செய்தி வேறு. அதை வெறுங்கண்ணால் நோக்கலாகாது.

நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம், இரண்டு வயதும் நிறையாத நிலையில் மறைந்த அன்று மதீனாவில் சூரியன் இருண்டது. குழந்தையின் மரணத்திற்காகவே இருண்டது என மக்கள் பேசினர். மகனை இழந்த தந்தைக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். ஆயினும் நாயகம் அதை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நேர்வதில்லை, அது அல்லாஹ்வின் அத்தாட்சி என்றும், அதைக் கண்டால் தொழுது துஆச் செய்யவேண்டும் என்றும் அறிவித்தார்கள்.

அத்தொழுகையில் பெண்மணிகளும் நின்றார்கள். மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று அஸ்மா (ரலி) வினவ, தொழுதுகொண்டிருந்த ஆயிஷா நாயகி (ரலி) கையால் வானத்தைச் சுட்டிக்காட்டினார்கள். நெடுநேரம் நின்றதில் அஸ்மாவுக்கு மயக்கமே வந்தது. தலையில் நீரூற்றிக்கொண்டார்களேயன்றி அங்கிருந்து அகலவில்லை.

கணக்கிட்டு முன்னரே அறிவித்துவிட்ட நிகழ்ச்சிக்குத் தொழுகை எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். ஃபஜ்ரு நேரத்தையும் நாட்காட்டி முன்னரே சொல்லிவிடுகிறதே, அதற்காக ஃபஜ்ரை விட்டுவிடுகிறோமா?

ஷாபிஈ மத்ஹபில் இது ஜமாஅத்தாகத் தொழும் ஸுன்னத்து. ரக்அத்துகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரு நிலைகள், இரு ருகூஉகள். சந்திர கிரகணத்தில் ஓதுவது உரத்த குரலில். தொழுகைக்குப் பின் குத்பாவும் உண்டு. ஹனபி மத்ஹபினர் சந்திர கிரகணத்தின்போது அவரவர் இல்லத்தில் தனித்தே தொழுவர். எவ்வாறாயினும், கிரகணம் தென்படும் ஊரார்க்கே இத்தொழுகை.

2028 டிசம்பர் 31, ஞாயிறு இரவு எட்டரை மணிக்குப் பின் தொடங்கும் முழுக் கிரகணம் தமிழகத்தில் ஆதி முதல் அந்தம் வரை தெரியும். இஷாவை முடித்துக்கொண்டு, ஒளூவுடன் முற்றத்திற்கோ மொட்டை மாடிக்கோ வாருங்கள். கருவுற்ற மகளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.